ஒரு கத்தி பெற்ற பிள்ளைகள்!

ஆரஞ்சுத் தோட்டக்காரர் கொல்லரான கதை

அமெரிக்க நாட்டின் வடக்கே மிச்சிகன் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. ஏரிகள் நிறைந்த மாகாணம். அங்கே உள்ள வாலூன் ஏரிக்குக் கோடைக் காலத்தில் பல குடும்பங்கள் வந்து தங்கும். மீன் பிடிப்பார்கள். படகு விடுவார்கள்.

1936-ம் ஆண்டு வாக்கில், அந்த ஏரிக்கரையில் ஒருவர் தம் படகுக்குப் புது வர்ணம் பூச நினைத்தார். பழைய வர்ணத்தை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையை அவர் செய்துகொண்டிருந்தார்.

எதைக்கொண்டு சுரண்டினார் தெரியுமா?

ஒரு வேட்டைக் கத்தியைக்கொண்டு!

காய்ந்துபோன வர்ணம் கல்லைப் போல இருக்கும். அதைச் சுரண்டினால் சாதாரணக் கத்தியின் வாய் மழுங்கிவிடும். சில கத்திகளுக்குப் பல்லே விழுந்துவிடும். ஆனால் இந்தக் கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கூர் அப்படியே இருந்தது.

இதை ஓர் இளைஞர் பார்த்தார். பார்த்தவர் அசந்துபோனார். அன்று அவர் மனத்தில் விழுந்த விதை, பிற்காலத்தில் பெரிய மரம் ஆயிற்று. அந்த மரத்திலிருந்து வேறு மரங்களும் முளைத்தன.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

யார் அந்த இளைஞர்?

அவர் பெயர் வால்ட்டர் டோன் ராண்டல். நண்பர்கள் "போ" ராண்டல் என்று அழைப்பார்கள். பிறந்தது 1909-ம் ஆண்டு. அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடா மாகாணத்தில், ஆர்லாண்டோ என்ற ஊரில் வாழ்ந்தார்.

அவருடைய தொழில் என்ன? ஆரஞ்சுத் தோட்டம்! அவர் கொல்லர் அல்ல. கொல்லருக்கு உறவும் அல்ல. பழம் விளைவித்து விற்கும் குடும்பம்.

ஆனால் காட்டிலும் ஏரியிலும் திரிவதில் அவருக்கு ஆசை அதிகம். அதனால் நல்ல கத்தி எது, கெட்ட கத்தி எது என்று அவருக்குத் தெரியும்.

ஏரிக்கரையில் பார்த்த கத்தி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. "இப்படி ஒரு கத்தி என்னிடம் இருக்க வேண்டும்" என்பதோடு அவர் ஆசை நிற்கவில்லை. "இப்படி ஒரு கத்தியை நானே செய்ய வேண்டும்" என்று அது வளர்ந்தது.

இரண்டும் வேறு வேறு ஆசைகள். முதல் ஆசைக்குப் பணம் போதும். இரண்டாவது ஆசைக்குப் பணம் போதாது. கை நோக வேண்டும். கண் எரிய வேண்டும். பல நாள் தோற்க வேண்டும்.

தனிமையை விரும்பிய மேதை

ஏரிக்கரைக் கத்தியைச் செய்தவர் யார்?

அவர் பெயர் வில்லியம் ஸ்கேகல். அதே மிச்சிகன் மாகாணத்தில், புரூட்போர்ட் என்ற சிற்றூருக்கு அருகே பட்டறை வைத்திருந்தார். கூட்டத்தை விரும்பாதவர். தனிமையில் இருந்து வேலை செய்பவர்.

கத்தி மட்டும் அல்ல, கோடரி செய்வார். சமையலறைக் கத்திகள் செய்வார். எல்லாம் கைவேலை. நியூயார்க்கில் "அபர்குரோம்பி அண்டு பிட்ச்" என்ற புகழ்பெற்ற கடை இருந்தது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வேண்டிய சாமான்களைப் பணக்காரர்கள் அங்கேதான் வாங்குவார்கள். அந்தக் கடையிலேயே ஸ்கேகலின் கத்திகள் விற்பனை ஆயின.

அவர் கத்தியைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடலாம். கைப்பிடியின் ஒரு பகுதி, வட்ட வட்டமாக வெட்டிய தோலை அடுக்கிச் செய்தது. மறு பகுதி மான் கொம்பு. இரண்டுக்கும் நடுவே பித்தளை வளையம், சிவப்பு வளையம், கறுப்பு வளையம் என்று மெல்லிய வளையங்கள். அலகிலே, வளைந்து நெளிந்த ஒரு சிறிய குத்துவாளின் முத்திரை.

பார்ப்பதற்கு அழகு. ஆனால் அந்த அழகு வெறும் அழகுக்காக அல்ல. ஈரக் கையிலும் தோல் வழுக்காது. கொம்பு எளிதில் உடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ராண்டல் கற்றுக்கொண்டது அந்தக் காரணங்களைத்தான்.

வேட்டைக் கத்திக்கு என்ன லட்சணம்?

"கத்தி என்றால் கத்திதானே? இதில் என்ன பெரிய வித்தை?" என்று நீங்கள் கேட்கலாம்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு அரசாங்கம் அனுமதிச் சீட்டு கொடுக்கும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே வேட்டையாடலாம். மானைச் சுடுவது துப்பாக்கி. கத்திக்கு வேலை அதன் பிறகுதான் ஆரம்பம். தோலை உரிக்க வேண்டும். இறைச்சியைத் துண்டு போட வேண்டும். காட்டிலே சுள்ளி வெட்ட வேண்டும். கயிறு அறுக்க வேண்டும். பக்கத்தில் கடையும் இல்லை, சாணைக்கல்லும் இல்லை.

ஆகவே ஒரே கத்திக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று, கடினம். கடினம் இல்லாவிட்டால் கூர் நிற்காது. இரண்டாவது, உறுதி. உறுதி இல்லாவிட்டால் எலும்பில் பட்டதும் உடைந்துபோகும்.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதிகள்! கடினம் ஏறினால் உறுதி குறையும். கண்ணாடி கடினமானது, கீழே போட்டால் உடையும். ஈயம் உடையாது, ஆனால் நகத்தாலேயே கீறலாம். கண்ணாடிக்கும் ஈயத்துக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தைப் பிடிப்பதுதான் கத்தி செய்கிறவரின் வித்தை.

மோட்டார் வண்டியின் கமான் பட்டை

ராண்டல் தம் முதல் கத்தியை எதிலே செய்தார் தெரியுமா? பழைய மோட்டார் காரின் கமான் பட்டையிலே!

இதைக் கேட்டு நம் ஊர்க் கொல்லர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். லாரியின் கமான் பட்டையில் அரிவாள் அடிப்பது அவர்களுக்குத் தெரிந்த வேலை. கடல் கடந்த நாட்டிலும் அதே கதைதான்.

ஏன் கமான் பட்டை? இரும்பின் ரகசியம் அதில் கலந்துள்ள கரியில் இருக்கிறது. ஜன்னல் கம்பிக்கு உதவும் சாதாரண இரும்பில் கரி மிகக் குறைவு. 100 கிலோவுக்குக் கால் கிலோ கூட இராது. அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. கமான் பட்டை அப்படி அல்ல. அதில் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 600 கிராம் கரி இருக்கும். அது உருக்கு. காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும்.

குண்டும் குழியுமான சாலையில் லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்தும் உடையாத உருக்கு அது. கத்திக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் பழைய பட்டையில் ஓர் ஆபத்தும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். அப்படி இருந்தால் எல்லா வேலையும் முடிந்த பிறகு கத்தி இரண்டாகப் பிளக்கும். அதனால் கத்தியையே தொழிலாகக் கொண்டவர்கள் புது உருக்கையே விரும்புகிறார்கள். ராண்டலும் பிறகு சுவீடன் நாட்டு உருக்குக்கு மாறினார். அதில் 100 கிலோவுக்குச் சுமார் 900 கிராம் கரி உண்டு.

கத்தி பிறக்கும் விதம்

இப்படிப்பட்ட கத்தி எப்படிப் பிறக்கிறது? படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் வேலை, காய்ச்சி அடிப்பது. உருக்கை உலையில் வைத்து ஊதுவார்கள். அது முதலில் மங்கிய சிவப்பு ஆகும். பிறகு செர்ரிப் பழச் சிவப்பு. பிறகு ஆரஞ்சு நிறம். ஆரஞ்சு நிறத்தில் எடுத்துப் பட்டடைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் வெள்ளையாகித் தீப்பொறி பறக்கும். தீப்பொறி பறந்தால் உருக்கு எரிகிறது என்று அர்த்தம். அந்த உருக்கு வீண்!

நிறம் மங்கிய பிறகும் அடிக்கக் கூடாது. ஆறிய உருக்கை அடித்தால் விரிசல் காணும். ஆகவே அடிப்பதற்குக் கிடைக்கும் நேரம் சில விநாடிகளே. மீண்டும் உலை; மீண்டும் அடி. இப்படிப் பல தடவை.

இரண்டாவது வேலை, ஆற விடுவது. உருவம் வந்ததும் கத்தியைச் சாம்பலில் புதைத்துவிடுவார்கள். மெதுவாக, மணிக்கணக்கில் ஆறும். அப்படி ஆறினால் உருக்கு மென்மையாகும். அரம் பிடிக்கும்.

மூன்றாவது வேலை, அராவுவது. அரத்தாலும் சாணைச் சக்கரத்தாலும் உருவத்தைச் செம்மையாக்குவார்கள். முதுகு தடிப்பாக இருக்க வேண்டும். வாய்ப்பக்கம் வர வர மெலிய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக மெலிய வேண்டும். ஒரு பக்கம் கூடினால் கத்தி நேராக அறுக்காது, இழுத்துக்கொண்டு போகும். ஆனால் இப்போதே வாயைக் காகிதம் போல மெலிதாக்கிவிடக் கூடாது. ஏன் என்பது அடுத்த வேலையில் தெரியும்.

உயிர் கொடுக்கும் நிமிஷம்

நான்காவது வேலை, தோய்ச்சல். அதாவது, காய்ச்சிய கத்தியைச் சட்டென்று குளிர வைப்பது. கத்திக்கு உயிர் கொடுக்கும் வேலை இதுதான். உயிரை எடுக்கும் வேலையும் இதுதான்!

கத்தியை மறுபடியும் செஞ்சூடாக்குவார்கள். எவ்வளவு சூடு? அதை அறிய எளிதான ஒரு வழி உண்டு. சாதாரண உருக்கு காந்தத்தில் ஒட்டும். ஆனால் சுமார் 770 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறினால், அதே உருக்கு காந்தத்தில் ஒட்டாது! அந்த நிலையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சூடு ஏறியதும் எடுத்து, எண்ணெயில் முக்குவார்கள். "சுர்" என்று சத்தம் எழும். புகை கிளம்பும். சில சமயம் எண்ணெய் தீப்பிடிக்கும். அதனால் மூடி பக்கத்திலேயே இருக்கும்.

தண்ணீரில் முக்கினால் என்ன? மிகவும் வேகமாகக் குளிரும். இந்த வகை உருக்கு அந்த வேகத்தைத் தாங்காமல் "டிக்" என்று விரிந்துவிடலாம். அந்தச் சத்தம் கேட்டால் பல நாள் உழைப்பு போயிற்று! வாய் மிக மெலிதாக இருந்தாலும் இதே கதிதான். விரியும் அல்லது கோணும். அதனால்தான் முன்பே மெலிதாக்கக் கூடாது என்றோம்.

எண்ணெயிலிருந்து வெளியே வந்த கத்தி கண்ணாடி போல இருக்கும். அரத்தை வைத்து இழுத்தால் அரம் வழுக்கும். கீழே போட்டால் கத்தி உடையும். இந்த நிலையில் அதை உபயோகிக்க முடியாது.

ஐந்தாவது வேலை, இளக்குவது. கத்தியை மறுபடியும் இளஞ்சூட்டில் வைப்பார்கள். சுமார் 200 டிகிரி. ஒரு மணி, இரண்டு மணி நேரம். மைசூர்பாகு கிண்டுகிறவர் பாகு பதம் பார்ப்பதில்லையா? அதைப் போலத்தான் இதுவும். பளபளப்பாக்கிய உருக்கின் மேல் நிறம் மாறும். முதலில் இளமஞ்சள். பிறகு வைக்கோல் நிறம். பிறகு பழுப்பு. பிறகு ஊதா. கடைசியில் நீலம்.

வைக்கோல் நிறம்தான் கத்திக்குப் பதம். நீலம் வந்துவிட்டால் உருக்கு அதிகமாக இளகிவிட்டது என்று அர்த்தம். அது வில்லுக்கு உதவும். கூரான கத்திக்கு உதவாது.

ஏரிக்கரையில் வர்ணம் சுரண்டிய கத்தி ஏன் மழுங்கவில்லை என்று இப்போது புரிகிறதா? மந்திரம் ஒன்றும் இல்லை. உருக்கின் பதத்தைப் பிடித்த ஒரு மனிதர் அதைச் செய்திருந்தார்!

பிடியும் உறையும்

ஆறாவது வேலை, கைப்பிடி. அலகின் பின்பக்கம் மெல்லிய வால் போல நீண்டிருக்கும். முதலில் அதில் ஒரு பித்தளைத் தடுப்பைக் கோப்பார்கள். கை வழுக்கி வாய்ப்பக்கம் போகாமல் தடுப்பது இது.

பிறகு தடித்த தோலை வில்லை வில்லையாக வெட்டி, நடுவே துளை போட்டு, ஒவ்வொன்றாகக் கோப்பார்கள். வில்லைகளின் நடுவே பசை. எல்லாவற்றையும் கோத்து முடித்ததும் கடைசியில் இறுக்கி அழுத்துவார்கள். காய்ந்த பிறகு அது ஒரே கட்டை போல ஆகிவிடும். அதைக் கைக்கு ஏற்றபடி தேய்த்து உருட்டுவார்கள்.

மான் கொம்புக்காக மானைக் கொல்ல வேண்டும் என்பது இல்லை. ஆண் மான்கள் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதுக் கொம்பு வளர்க்கும். உதிர்ந்த கொம்பைக் காட்டில் பொறுக்கலாம்.

ஏழாவது வேலை, கூர் தீட்டுவதும் உறை தைப்பதும். உறை இல்லாத கத்தி, மூடி இல்லாத பாம்புக் கூடைக்குச் சமம். தடித்த தோலில், ஓரம் இரட்டையாக வைத்துத் தைப்பார்கள். இல்லாவிட்டால் கத்தி உறையையே அறுத்துக்கொண்டு வெளியே வரும்.

"கத்திக்காரர், ஆர்லாண்டோ"

ராண்டல் பொழுதுபோக்காகத்தான் கத்தி செய்யத் தொடங்கினார். நண்பர்கள் பார்த்தார்கள். "எனக்கு ஒன்று" என்று கேட்டார்கள். ஒன்று பத்தாயிற்று. 1938-ம் ஆண்டில் அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. போர்முனைக்குப் புறப்பட்ட ஒரு வீரர், நேருக்கு நேர் சண்டையில் கைகொடுக்கும் கத்தி ஒன்று செய்து தரும்படி கேட்டார். வேட்டைக் கத்தி போர்க் கத்தி ஆயிற்று. செய்தி வீரர்களிடையே பரவியது. கடிதங்கள் குவிந்தன.

சில கடிதங்களில் விலாசம்கூடச் சரியாக இராது. "கத்திக்காரர், ஆர்லாண்டோ, புளோரிடா" என்று மட்டும் எழுதியிருக்கும். தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்!

அப்போது ராணுவத்தில் கேப்டனாக இருந்த ஒரு சினிமா நடிகரும் ராண்டல் கத்தி வாங்கினார். அவர் பெயர் ரொனால்டு ரீகன். 1981-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்!

போருக்குப் போகிறவனுக்குக் கத்தி விளையாட்டுச் சாமான் அல்ல. காட்டில் தனியே விழுந்தால் கடைசித் துணை அதுதான். பதம் தவறிய ஒரு கத்தி, ஒரு தாயின் மகனைக் கைவிட்டுவிடும். ஆரஞ்சுத் தோட்டத்தின் பொழுதுபோக்கு, இப்போது உயிர்ப் பொறுப்பு ஆகிவிட்டது.

குருவை மறக்காத சீடர்

புகழ் வந்தது. பணம் வந்தது. "எல்லாம் என் மூளை" என்று ராண்டல் சொல்லிக்கொண்டிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? புரூட்போர்ட் பட்டறையில் தனியே இருந்த கிழவரை நாட்டில் பலருக்குத் தெரியாது.

ஆனால் ராண்டல் அப்படிச் செய்யவில்லை. ஸ்கேகலோடு நட்புக் கொண்டார். ஸ்கேகல் செய்த கத்திகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஆர்லாண்டோவில் ராண்டல் குடும்பத்தார் ஒரு கத்திக் காட்சிசாலையே ஏற்படுத்தினார்கள். ஆயிரக்கணக்கான கத்திகள் அதில் சேர்ந்தன. அவற்றின் நடுவே மதிப்பான இடம் ஸ்கேகலின் கத்திகளுக்குத்தான்.

ஸ்கேகல் 1963-ம் ஆண்டு முதிய வயதில் இறந்தார். இன்று அவர் செய்த கத்திகளைச் சேகரிப்போர் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவர் பெயர் நிலைத்ததற்கு ஒரு காரணம், அவர் கைத்திறமை. இன்னொரு காரணம், அவர் பெயரை மறைக்காத ஒரு சீடர்.

கப்பல் சமையலறையில் ஒரு கொல்லுலை!

கதை இதோடு முடியவில்லை.

1953-ம் ஆண்டு. நியூயார்க் நகரம். முன்பு ஸ்கேகலின் கத்திகளை விற்ற அதே அபர்குரோம்பி கடை. 24 வயது மாலுமி ஒருவர் உள்ளே நுழைந்தார். அவர் பெயர் பாப் லவ்லெஸ்.

"ராண்டல் கத்தி ஒன்று வேண்டும்" என்று கேட்டார்.

"ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்" என்று பதில் கிடைத்தது.

கப்பலில் வேலை செய்கிறவர் ஒன்பது மாதம் எங்கே காத்திருப்பது? வேறு ஒருவராக இருந்தால் கடையில் கிடைத்த ஏதோ ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு போயிருப்பார். லவ்லெஸ் என்ன செய்தார்?

பக்கத்து ஊரான நியூவார்க்கில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனார். அங்கே 1937-ம் ஆண்டு செய்த ஒரு "பக்கார்டு" கார் கிடந்தது. அதன் கமான் பட்டையை எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார். கப்பலில் உலை ஏது? சமையலறையில் எண்ணெய் அடுப்பு இருந்தது. அதில் பட்டையைக் காய்ச்சித் தம் முதல் கத்தியை அடித்தார்!

ராண்டலைப் போலவே கமான் பட்டை. ராண்டலைப் போலவே, பார்த்து ஆசைப்பட்ட ஒரு கத்தி. ஸ்கேகலின் கத்தி ராண்டலைப் பெற்றது. ராண்டலின் கத்தி லவ்லெஸைப் பெற்றது.

சில காலத்தில், அதே அபர்குரோம்பி கடை லவ்லெஸின் கத்திகளையும் வாங்கி விற்கத் தொடங்கியது. தாம் முதலில் செய்த கத்திகளுக்கு அவர் "டெலவேர் மெய்ட்" என்று பெயர் வைத்தார்.

முனையில் ஒரு சிறு மாற்றம்

லவ்லெஸ், பார்த்ததை அப்படியே செய்துகொண்டிருக்கவில்லை. வேட்டைக்காரரின் கஷ்டம் என்ன என்று யோசித்தார்.

மானின் வயிற்றுத் தோலைக் கீறும்போது ஒரு தொல்லை உண்டு. கத்தியின் முனை மேல்நோக்கி வளைந்திருந்தால், அது குடலைக் குத்திவிடும். குடல் கிழிந்தால் இறைச்சி அசுத்தமாகிவிடும்.

லவ்லெஸ் முனையைக் கீழே இறக்கினார். கத்தியின் முதுகு, முனையை நோக்கிச் சாய்வாக இறங்கி வரும்படி செய்தார். இப்போது முனை குத்தாது. தோல் மட்டும் அறுபடும். முனைக்குப் பின்னால் தடிப்பும் இருப்பதால் எளிதில் ஒடியாது.

அரை அங்குல மாற்றம்தான்! ஆனால் இன்று உலகத்தில் எந்த நாட்டு வேட்டைக் கத்தியைப் பார்த்தாலும் பெரும்பாலும் அந்தச் சாய்வான முனையைக் காணலாம்.

அது மட்டுமா? ஆகாய விமான எஞ்சின்களுக்காகச் செய்யப்பட்ட, துரு எளிதில் பிடிக்காத ஓர் உருக்கை 1970-க்குப் பிறகு அவர் கத்திக்குக் கொண்டுவந்தார். ராண்டல் உலையில் காய்ச்சி அடித்தார். லவ்லெஸ், உருக்குத் தகட்டை அறுத்து, தேய்த்துத் தேய்த்தே கத்தியை உருவாக்கும் முறையைப் பெரிதாக வளர்த்தார்.

பார்த்துச் செய்வது திருட்டா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்வது திருட்டு அல்லவா?

திருட்டு எது, கல்வி எது என்பதற்குக் கத்தி செய்கிறவர்களிடையே ஒரு நியாயம் இருக்கிறது. பிறருடைய முத்திரையை உன் கத்தியில் அடிக்காதே. உன் பெயரையே அடி. யாருடைய மாதிரி என்று கேட்டால் அவர் பெயரைச் சொல். இவ்வளவுதான்.

முத்திரையைத் திருடுகிறவன், பிறருடைய உழைப்பை விற்கிறான். வாங்குகிறவனையும் ஏமாற்றுகிறான். மாதிரியைப் பார்த்துக் கற்கிறவனோ, தன் உழைப்பைத்தான் விற்கிறான். பதம் தப்பினால் கெட்ட பெயர் அவனுக்கே.

லவ்லெஸ் தம் வித்தையைப் பூட்டி வைக்கவில்லை. 1977-ம் ஆண்டு ரிச்சர்டு பார்னி என்பவருடன் சேர்ந்து, கத்தி செய்வது எப்படி என்று விளக்கமாகப் புத்தகமே எழுதினார். அந்தப் புத்தகத்தைப் படித்துக் கத்தி செய்யப் பழகியவர்கள் ஏராளம். அவர்கள் செய்யும் கத்தியை "லவ்லெஸ் மாதிரி" என்றே சொல்லி விற்கிறார்கள். 2010-ம் ஆண்டு லவ்லெஸ் காலமானார். அவருடைய மாதிரி காலமாகவில்லை.

கடலுக்கு அடியில் 38 ஆண்டுகள்

ராண்டல் கத்தியின் உறுதிக்கு ஒரு பெரிய சோதனையும் நடந்தது. யாரும் வேண்டுமென்று நடத்திய சோதனை அல்ல அது!

அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களுக்காக ராண்டல் பட்டறையில் ஒரு தனிக் கத்தி செய்தார்கள். விண்வெளிக் கூடு ஆளில்லாத காட்டிலோ கடலிலோ வந்து விழுந்துவிட்டால், வீரர் உயிர் பிழைக்க உதவும் கத்தி.

1961-ம் ஆண்டு ஜூலை 21-ந்தேதி, கஸ் கிரிஸம் என்ற வீரர் "லிபர்ட்டி பெல் 7" என்ற கூட்டில் விண்வெளிக்குப் போனார். 15 நிமிஷப் பயணம். அட்லாண்டிக் கடலில் பத்திரமாக வந்து இறங்கினார். திடீரென்று கூட்டின் கதவு வெடித்துத் திறந்துகொண்டது. கடல் நீர் உள்ளே புகுந்தது. கிரிஸம் வெளியே குதித்து நீந்தினார். ஹெலிகாப்டர் அவரைக் காப்பாற்றியது. கூடு மூழ்கிவிட்டது. கத்தியும் அதோடு மூழ்கிவிட்டது.

ஏறக்குறைய 15 ஆயிரம் அடி ஆழம்! ஒரு கிணற்றின் ஆழம் 50 அடி என்றால், 300 கிணறுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்த ஆழம். சூரிய வெளிச்சம் எட்டாத இருட்டு. உப்புத் தண்ணீர்.

1999-ம் ஆண்டு அந்தக் கூட்டைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு ஜூலை மாதம் அதை வெளியே எடுத்தார்கள். இடையே 38 ஆண்டுகள் ஓடிவிட்டன. கிரிஸம் 1967-ம் ஆண்டிலேயே ஒரு தீ விபத்தில் இறந்துவிட்டார். ராண்டலும் 1989-ம் ஆண்டில் இறந்துவிட்டார்.

கூட்டுக்குள்ளே கத்தி இருந்தது. அதைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். அப்போதும் அது உபயோகத்துக்கு ஏற்ற நிலையிலேயே இருந்தது!

காத்திருக்கிறார்கள்

ராண்டலுக்குப் பின் அவருடைய குடும்பத்தார் பட்டறையை நடத்தினார்கள். கேட்டவுடன் கத்தி கிடைக்காது. பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைவேலைக்கு அவசரம் ஆகாது.

காத்திருக்கப் பொறுமை இல்லாத இளைஞன் எவனாவது இன்றும் எங்கேயாவது பழைய இரும்புக் கடையில் கமான் பட்டையைத் தேடிக்கொண்டிருப்பான். முதல் கத்தி கோணலாக வரும். இரண்டாவது கத்தி எண்ணெயில் விரியும். மூன்றாவதில் பதம் தப்பும். அவன் விடாமல் அடித்தால், ஒரு நாள் அலகில் வைக்கோல் நிறம் அழகாகப் படியும்.

நல்ல பொருளைக் கண்டால் "என்ன விலை?" என்று கேட்பவர்கள் ஆயிரம் பேர். "எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்பவர் ஒருவர்தான். அந்த ஒருவரால்தான் தொழில் வளர்கிறது.